சீலைப்பேனும் தலைப்பேனும்: இலக்கியச் சான்றும் இல்லறப் பணியும்

பத்துப்பாட்டுள் இரண்டாவதாக அமைந்த பொருநராற்றுப்படை 248 அடிகளைக் கொண்டது. முடத்தாமக்கண்ணியார் பாடிய இவ்வாற்றுப்படையில், சோழன் கரிகாற்பெருவளத்தானிடம் பரிசில் பெற்று மீளும் பொருநன் ஒருவன், தான் அரண்மனைக்குள் புகுந்த நாளில் நிகழ்ந்தவற்றை எதிர்ப்பட்ட மற்றொரு பொருநனுக்கு விரித்துரைக்கிறான். அரசன் அளித்த கள்ளையும் உணவையும் சொல்வதற்கு முன்னர் அவன் தான் உடுத்திருந்த கந்தையைச் சொல்கிறான். வியர்வையில் நனைந்து, வேற்று நூல்கள் ஊடே ஓடி, தையல்களால் மட்டுமே ஒன்றாக நின்ற அந்தக் கந்தையில் ஈரும் பேனும் குடியிருந்தன. அரசன் அதனை முற்ற நீக்கி, இழை போன வழி கண்ணுக்குப் புலப்படாத, பாம்பின் தோலுரியை ஒத்த மெல்லிய ஆடையை உடுப்பித்தான்.

சங்க நூல்களுள் பேன் குறித்து நன்கு அறியப்பட்ட மற்றோர் இடம் புறநானூற்றின் 136-ஆம் பாட்டு. துறையூர் ஓடைகிழார் ஆய் அண்டிரனைப் பாடியது அது. அங்கும் பேன் வாழும் இடம் ஆடையே. யாழின் பத்தர்ப் புறம்போலப் பல தையல்கள் இட்ட துணியின் இடுக்குகளைப் பற்றிக்கொண்டு, ஈர்க்கூட்டத்தோடு தங்கிவிட்ட பேனைப் புலவர் தம் முதற்பகையாக எண்ணுகிறார். உண்ணாமையால் உடல் வாட்டும் பசி அடுத்த பகை. மலைவழியில் வருவோரை அலைக்கும் கொள்ளைக் கூட்டம் அதற்கடுத்த பகை. வேந்தனின் பகைவரை எண்ணிப் பாடுவது புறத்துறை மரபாக இருக்க, இங்குப் புலவர் தம் பகைவரை எண்ணுகிறார்; அவ்வரிசையில் பசிக்கும் முன்னே பேன் நிற்கிறது.

இவ்விரு பாடல்களையும் வறுமைச் சித்திரிப்புக்கு எடுத்துக்காட்டாக ஆளாத ஆய்வு நூல் அரிது. எனினும் இவற்றில் வரும் பேன் எத்தகைய பேன் என்னும் வினா பெரிதாக எழுப்பப்படவில்லை. பேன் என்றவுடன் கூந்தலையே நினைக்கும் இன்றைய வாசகர், பொருநனின் தலையில் இருந்த பேன் ஆடையில் உதிர்ந்ததாக எண்ணிக்கொள்ளவும் கூடும். புலவர்கள் அவ்வாறு சொல்லவில்லை. இரு பாடல்களிலும் தையலைக் குறிக்கும் துன்னம் என்னும் சொல்லோ அதன் வடிவமோ வருகிறது. இரண்டிலும் தங்குதலைக் குறிக்கும் இறை என்னும் சொல் பேனுக்கு வழங்கப்படுகிறது. இரண்டிலும் பேனோடு ஈரும் ஆடையிலேயே இருப்பதாகச் சொல்லப்படுகிறது. இம்மூன்றும் ஒருங்கே பொருந்தும் உயிர், தமிழ்ப் பேச்சு வழக்கில் சீலைப்பேன் எனப்படுவதேயாகும்.

இரு பேன்கள்

மனித உடலில் வாழும் பேனுக்கு லின்னேயஸ் 1758-இல் பெடிகுலஸ் ஹியூமனஸ் எனப் பெயரிட்டார். தலைப்பேனும் சீலைப்பேனும் அவ்வொரே இனத்தின் இரு வடிவங்கள் என்பதே இன்று பெரும்பான்மையோர் கொள்ளும் முடிபு. தோற்றத்தில் இரண்டையும் பிரித்தறிதல் கடினம். வாழ்முறையோ முற்றிலும் வேறு. தலைப்பேன் மயிரிடையே வாழ்ந்து, தலைத்தோலை ஒட்டி மயிரின் அடியிலேயே ஈரை ஒட்டவைக்கிறது. தலையை விட்டு நீங்கினால் ஓரிரு நாளில் மடிகிறது. சீலைப்பேன் ஆடையில் வாழ்கிறது. குருதி உண்பதற்கு மட்டும் உடலுக்கு வருகிறது. தன் ஈரைத் துணியின் தையல் மடிப்புகளில் இடுகிறது. துன்னத்து இடுக்கில் ஈர்க்கூட்டம் என்று ஓடைகிழார் சொன்னது கற்பனை அன்று, கண்டறிந்து சொன்ன செய்தி என்பது இதனால் விளங்கும்.

சீலைப்பேன் எப்போது தோன்றியது என்பதும் ஆராயப்பட்டுள்ளது. ஆடை உடுக்கும் வழக்கம் தோன்றிய பின்னரே ஆடையில் வாழும் பேன் தோன்றியிருக்க முடியும். இக்கருத்தை அடிப்படையாகக் கொண்டு, லைப்சிக் நகரத்து மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் பேன்களின் மரபணுக்களை ஒப்பிட்டு, இப்பிரிவு ஏறத்தாழ 72,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்திருக்கலாம் என 2003-இல் வெளியிட்டனர். 2011-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு அதனை 1,70,000 ஆண்டுகள் வரை பின்னுக்குக் கொண்டு சென்றது. இரு மதிப்பீடுகளுக்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. ஆயினும் தலைப்பேன் மூத்தது, சீலைப்பேன் இளையது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

இப்பிரிவை மனத்தில் கொண்டு பொருநராற்றுப்படையை மீண்டும் நோக்கினால் கரிகாலனின் கொடை வேறொரு பொருள் பெறுகிறது. சீலைப்பேனுக்குரிய தீர்வு ஆடையை நீக்குவதேயாகும். உண்ணக் குருதி கிடைக்காத நிலையில் அது சில நாள்களில், மிகுதியாகப் போனால் ஒரு வாரத்தில், அழிந்துவிடும். பழங்கந்தையைத் துவர நீக்கிப் புத்தாடை அளித்த அரசன், பரிசிலோடு மருத்துவமும் செய்தவனாகிறான். தலைப்பேனாக இருந்திருப்பின் எத்தனை பட்டாடை அளித்தும் பயன் விளைந்திராது. மாற்றாடை இல்லாதவனுக்கே சீலைப்பேன் நிலைத்த பகை. மாற்றாடை உடையவனை அது விட்டு நீங்கும். ஆகவே அவ்விரு பாடல்களிலும் பேன் வறுமையின் அடையாளமாக நிற்பது உவமைப் பொருத்தத்தால் மட்டும் அன்று, காரணத்தோடு கூடியதாகும்.

சீலைப்பேனால் நேரும் கேடு அரிப்போடு நிற்பதில்லை. இதற்குரிய முதற்சான்றுகளுள் ஒன்று இந்திய மண்ணிலேயே கிடைத்தது. 1907-இல் நாசிக் நகரத்துக் கிறித்தவத் திருப்பணிக் குடியிருப்பு ஒன்றில் மீள்காய்ச்சல் பரவியது. இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த எஃப்.பி. மாக்கி அதனை ஆராய்ந்தார். அங்குத் தங்கியிருந்த சிறுவர்களிடையே நோய் மிகுதியாகவும் சிறுமியரிடையே குறைவாகவும் இருந்தது. சிறுவர்களின் ஆடைகளில் பேன் மிகுதியாகவும் சிறுமியரின் ஆடைகளில் குறைவாகவும் இருந்தது. இவ்வொப்புமையைக் கொண்டு, நோயைப் பரப்புவது சீலைப்பேனே என அவர் முடிவு செய்தார். டைபஸ் காய்ச்சலைச் சீலைப்பேன் பரப்புவதைத் துனிசு நகரில் சார்ல்ஸ் நிக்கோல் நிறுவியது அதற்கு இரண்டாண்டு கழித்து, 1909-இல். அதற்காக அவருக்கு 1928-இல் நோபல் பரிசு கிடைத்தது. நாசிக் ஆய்வை அறிந்தோர் இன்று மிகச் சிலரே. 1943-44 குளிர்காலத்தில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் டைபஸ் பரவியபோது பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் ஆடைகளுக்குள் டி.டி.டி. தூள் தூவப்பட்டு நோய் அடக்கப்பட்டது.

தலைப்பேன் இத்தகைய கொள்ளைநோய்களைப் பரப்புவதாக அறியப்படவில்லை. அது அரிப்பைத் தரும், சொறிந்த இடத்தில் புண் உண்டாகும், உறக்கத்தைக் கெடுக்கும். அழுக்குத் தலை, தூய தலை என்னும் வேறுபாடும் அதற்கு இல்லை. தலையோடு தலை நெருங்கும் இடத்தில் அது ஊர்ந்து செல்கிறது. குழந்தைகள் விளையாடுகையிலும், ஒரே பாயில் உறங்குகையிலும், தாய் மடியில் சாய்கையிலும் தலைகள் நெருங்குகின்றன. சீலைப்பேன் இல்லாமையில் பிறக்கிறது; தலைப்பேன் நெருக்கத்தில் பரவுகிறது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொண்டதன் விளைவு பின்னர்க் காட்டப்பெறும்.

சொற்சான்று

பேன், ஈர் என்னும் இரு சொற்களும் தமிழுக்கு மட்டும் உரியன அல்ல. மலையாளத்தில் பேன், தெலுங்கில் பேனு, கன்னடத்தில் பழைய பேன் பிற்கால ஹேனு, வடதிராவிட மொழியாகிய குடுக்கில் பேன் என இச்சொல் திராவிடக் குடும்பம் முழுவதும் பரந்துள்ளது. ஈர் என்பதும் அவ்வாறே. இதன் மூலவடிவம் சகர முதலோடு சீர் என இருந்தது. கன்னடத்தில் சீரு எனவும், கோண்டியில் சீர் எனவும் இச்சொல் நிலைத்திருக்க, தமிழிலும் மலையாளத்திலும் தெலுங்கிலும் சகரம் கெட்டு ஈர் என்றாயிற்று. உப்பு, ஆறு முதலிய சொற்களுக்குக் காட்டப்பெறும் அதே சகரக் கேடுதான் இது. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியில் இவ்வினமொழிச் சொற்களை ஒருங்கே காணலாம்.

உயிருக்கு ஒரு சொல், அதன் முட்டைக்கு முற்றிலும் வேறொரு சொல் என்னும் இவ்வமைப்பு நோக்கற்பாலது. கொசுவின் முட்டைக்கோ மூட்டைப்பூச்சியின் முட்டைக்கோ தமிழில் தனிச்சொல் இல்லை. வடமொழியிலும் யூகா, லிக்ஷா என இரு சொற்கள். இந்தியில் அவை ஜூம், லீக் என வழங்குகின்றன. முட்டையைத் தனியே தேடி எடுக்க வேண்டிய வேலை இருந்த இடத்தில்தான் அதற்குத் தனிப்பெயர் வேண்டியிருந்தது எனலாம். ஆகவே ஈர் பார்க்கும் வேலை மூலத்திராவிட காலத்திலேயே வீட்டுப் பணியாக இருந்தது எனக் கொள்ளுதல் பிழையாகாது. சிறியதைப் பெரிதாக்கும் இயல்பைச் சுட்ட ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குதல் என வழங்கும் பழமொழியும் இவ்விரு சொல் வேறுபாட்டின் மீதே எழுந்துள்ளது.

அளவும் மருந்தும்

வடமொழி நூல்கள் பேனை இரு வழிகளில் பதிவு செய்துள்ளன. ஒன்று நீட்டலளவை. கௌடிலியரின் அர்த்தசாத்திரத்தில் எட்டு லிக்ஷை ஒரு யூகை, எட்டு யூகை ஒரு யவம், எட்டு யவம் ஓர் அங்குலம் என வாய்பாடு அமைகிறது. தென்னாட்டுச் சிற்ப நூலாகிய மயமதமும் இவ்வலகுகளை ஆள்கிறது. அங்குலத்தை ஏறத்தாழ 2 செ.மீ. எனக் கொண்டால் யூகை 0.3 மி.மீ., லிக்ஷை 0.04 மி.மீ. ஆகும். உண்மையான பேனின் நீளமோ 2 முதல் 3 மி.மீ.; ஈர் 0.8 மி.மீ. அளவினது. எனவே இவை அளந்து கண்ட அளவுகள் அல்ல, எட்டெட்டாகப் பகுத்த வாய்பாட்டுக்கு இட்ட பெயர்கள் என்பது தெளிவு. காரிநாயனாரின் கணக்கதிகாரத்தில் இவ்வாய்பாட்டின் தமிழ் வடிவம் காணப்படுகிறது. அங்கு விரலுக்குக் கீழ் நெல், நெல்லுக்குக் கீழ் எள், எள்ளுக்குக் கீழ் சிறுகடுகு என வரிசை அமைகிறது. வடமொழியில் பேன் நின்ற இடத்தில் தமிழில் எள் நிற்கிறது. ஈர் நின்ற இடத்தில் கடுகு நிற்கிறது. தமிழ்க் கணக்காயர் உழவுப் பொருள்களையே அளவுகோலாக விரும்பினரோ, பேனைப் பெயர் சொல்லிப் பாடம் நடத்த நாணினரோ, துணிந்து கூற இயலவில்லை.

மற்றொன்று மருத்துவம். சரக சங்கிதையின் விமானத்தானம் ஏழாம் இயலில் உடலின் புறத்தே தோன்றும் கிருமிகள் பேசப்படுகின்றன. அவை எள்ளின் வடிவின, பல காலின, கருநிறமும் வெண்ணிறமும் உடையன, யூகை எனவும் பிபீலிகை எனவும் பெயர் பெறுவன என்கிறது அந்நூல். எள் என்னும் ஒப்பீடு இங்கும் வருவது கருதத்தக்கது. அவை வாழும் இடங்களாகத் தலைமயிர், தாடி, உடல்மயிர், இமை, ஆடை ஆகியவை ஒரே வரிசையில் சொல்லப்படுகின்றன. தோற்றக் காரணமாகத் தூய்மை பேணாமை ஒன்றே சொல்லப்படுகிறது. தீர்வாக முதலில் கூறப்படுவது கையால் எடுத்து அகற்றுதல். தீர்வு சரியானதே. காரணமோ ஆடைப்பேனுக்குப் பொருந்தும் அளவுக்குத் தலைப்பேனுக்குப் பொருந்துவதில்லை. இருவகைப் பேனையும் ஒரே வரிசையில் வைத்து அழுக்கை இரண்டுக்கும் பொதுக் காரணமாக்கிய இம்முறை, மருத்துவ நூல்களுக்கு வெளியே மக்கள் எண்ணத்திலும் வேரூன்றியது.

எடுத்த பேனைக் கொல்வதா என்னும் வினாவும் இந்நாட்டில் எழுந்தது. சமணத் துறவியர் தலைமயிரைக் களைந்துகொள்ளாமல் பறித்துக்கொள்வதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் மயிரில் பேன் பெருகி உயிர்க்கொலை நேராதிருத்தலும் ஒன்று. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேருதுங்கர் இயற்றிய பிரபந்த சிந்தாமணி ஒரு செய்தியைத் தருகிறது. குசராத்தின் சாளுக்கிய மன்னன் குமாரபாலன் காலத்தில் வணிகன் ஒருவன் பேனைக் கொன்றான் எனக் குற்றம் சாட்டப்பட்டு, அவன் செல்வம் பறிக்கப்பட்டு, அச்செல்வத்தைக் கொண்டு அணகில்லபாடகத்தில், அதாவது இன்றைய பாட்டன் நகரில், யூகா விகாரம் என்னும் சமணக் கோயில் எழுப்பப்பட்டதாம். இதனை வரலாறாகக் கொள்வதினும் அக்கால அறநோக்கு எவ்வளவு தொலைவு சென்றது என்பதற்குச் சான்றாகக் கொள்வதே தகும். இரு கட்டைவிரல் நகங்களுக்கிடையே பேன் குத்திய இல்லத்தரசியர் எவரும் அந்நூலில் தண்டிக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

சீப்பு

பேனுக்குரிய கருவி சீப்பு. இஸ்ரேல் நாட்டின் இலாக்கீசு அகழாய்வில் கிடைத்த சிறு தந்தச் சீப்பு ஒன்று 2022-இல் அறிஞர் கவனத்தை ஈர்த்தது. ஏறத்தாழ 3.5 செ.மீ. நீளமும் 2.5 செ.மீ. அகலமும் உடைய அதன் ஒரு புறத்தில் தடித்த பற்கள் 6. மறுபுறத்தில் நெருங்கிய நுண்பற்கள் 14. கி.மு. 1700 அளவினதாக மதிப்பிடப்பெறும் அதன் மீது கானானிய எழுத்துகள் 17 பொறிக்கப்பட்டுள்ளன. தலைமயிரிலும் தாடியிலும் உள்ள பேனை இத்தந்தம் ஒழிக்கட்டும் என்னும் வேண்டுதலே அதன் பொருள். அகரவரிசை எழுத்தில் அமைந்த முழுத்தொடர்களுள் மிகப் பழையதாக இதனைக் கருதுகின்றனர். அதாவது, அகரவரிசையில் மனிதர் எழுதி இன்று நமக்குக் கிடைத்துள்ள முதல் தொடர் பேன் பற்றியது. அப்பற்களிடையே பேனின் எச்சமும் காணப்பட்டது. பிரேசில் நாட்டில் கிடைத்த, ஏறத்தாழ 10,000 ஆண்டுப் பழைமையுடைய மயிரில் ஈர் ஒட்டியிருந்ததை 2000-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதனோடு ஒப்பிட இலாக்கீசுச் சீப்பு இளையதே. கீழடியிலும் தந்தச் சீப்பு கிடைத்துள்ளது. அதனை அணிகலன்களோடு சேர்த்து நகர வாழ்வின் செழிப்புக்குச் சான்றாக்குவது வழக்கம். சீப்பு ஒப்பனைக்கும் உரியது, பேன் எடுக்கவும் உரியது. செல்வர் தலையிலும் பேன் இருக்கும் என்பதை மறந்தால்தான் இரண்டாவது பயன் கண்ணுக்குத் தப்பும்.

தமிழ் வீடுகளில் இருபுறமும் நெருங்கிய பல் உடைய பேன்சீப்பு பேனுக்கும், ஈர்கொல்லி ஈருக்கும் உரியன. ஈர்கொல்லி என்பது மிக இறுக்கமான வெட்டுகள் உடைய சிறு மரக்கருவி. மயிரைச் சிறுசிறு கற்றையாக அதனுள் செலுத்தி அடியிலிருந்து நுனிவரை உருவினால் ஒட்டிய ஈர் கழன்று வரும். மலையாளத்தில் இதனை ஈரோலி என்பர். கன்னடத்தில் சீரணிகெ. ஒன்றில் ஈரும் மற்றதில் சீரும் நிலைத்திருப்பதால் மேற்காட்டிய ஒலிமாற்றத்துக்கு இக்கருவியின் பெயர்களே சான்றாகின்றன.

இப்பணியின் கால ஒழுங்கும் கருதத்தக்கது. ஈர் பொரிய 7 முதல் 10 நாள்கள் ஆகும். பொரிந்த குஞ்சு முதிர்ந்து ஈர் இடும் நிலையை அடைய மேலும் 9 முதல் 12 நாள்கள் ஆகும். பொரிந்தவற்றை முதிர்வதற்குள் வாரி எடுத்துவிட்டால் தலைமுறை அறுபடும். பெண்கள் செவ்வாய், வெள்ளிகளில் எண்ணெய் தேய்த்துத் தலை முழுகுவதும், எண்ணெய்ப் பிசுக்கில் பேன் விரைந்து ஓட இயலாத நிலையில் சீப்பிட்டு வாருவதும் தமிழ் வீடுகளின் நெடுநாள் வழக்கம். இவ்விடைவெளி பேனின் வாழ்நாளைக் கணக்கிட்டு அமைக்கப்பட்டது எனச் சொல்லச் சான்று இல்லை. முன்னோர் செயல் ஒவ்வொன்றிலும் அறிவியல் காணும் போக்கு இங்கும் தலைகாட்டுவதுண்டு. ஆனால் அமைக்கப்படாவிட்டாலும் அது பயன் தந்தது. 2005-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு ஒன்று, ஈரமயிரில் நுண்பற்சீப்பால் 13 நாள்களுக்குள் நான்கு முறை வாருவதைக் கடை மருந்துகளோடு ஒப்பிட்டது. சீப்பால் 57 விழுக்காட்டினரும் மருந்தால் 13 விழுக்காட்டினரும் பேன் நீங்கப்பெற்றனர். அம்மருந்துகளுக்குப் பேன்கள் ஏற்கெனவே பழகிப்போயிருந்தமை இதற்குப் பெருங்காரணம்.

மூலிகைகளுள் வேப்பெண்ணெய், வசம்பு, துளசி முதலியன பலரும் அறிந்தவை. சீத்தாப்பழ விதையை அரைத்துத் தலையில் பூசும் முறை தொன்று தொட்டு வந்ததாகக் கருதப்படுகிறது. சீத்தா மரமோ வெப்பமண்டல அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. போர்த்துகீசியர் காலத்தில் இங்கு வந்தது என்பதே தாவரவியலாரின் பொதுக்கருத்து. பார்ஹுத் சிற்பங்களில் சீத்தாப்பழத்தைக் கண்டதாகக் கன்னிங்காம் எழுதியதை அவர்கள் ஏற்பதில்லை. ஆகவே இம்மருந்து 16-ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்டதாக இருத்தல் அரிது. அவ்விதைத் தூள் கண்ணில் பட்டால் கருவிழி புண்பட்டுக் கடும் வலியும் பார்வை மங்கலும் நேரும். கண் மருத்துவர்கள் இதனைப் பலமுறை பதிவு செய்துள்ளனர். மண்ணெண்ணெய் பூசித் தீப்பற்றும் கேடும் அத்தகையதே. வேளாண்மையிலும் பேன் மருந்திலும் பயன்பட்ட லிண்டேன் என்னும் பூச்சிக்கொல்லியை 2009-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை விலக்குப் பட்டியலில் சேர்த்தது. பேனுக்கும் சொறிக்கும் மட்டும் சில ஆண்டுக் காலம் விலக்களித்தது. நச்சை நிறுத்துகையிலும் குழந்தையின் தலைக்கு அதனை இறுதியாக நிறுத்திய இவ்வரிசை வியப்புக்குரியது.

பள்ளி

தலைப்பேன் குடும்பத்துக்குள் பார்க்கப்படும் வேலையாக இருந்தவரை அது குற்றமாகவில்லை. குழந்தைகள் பெருந்தொகையாக ஓரிடத்தில் கூடும் பள்ளி தோன்றிய பின்னரே அது அரசின் கண்ணுக்குப் பட்டது. இங்கிலாந்தில் 1907-ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிக் குழந்தைகளை மருத்துவர் பார்வையிட வழி செய்தது. 1908-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம், பேன் உடைய குழந்தைகளைச் சோதித்துத் தூய்மைப்படுத்தும் அதிகாரத்தை உள்ளாட்சிகளுக்கு அளித்தது. பள்ளிதோறும் சென்று தலையைக் கிளறிப் பார்க்கும் செவிலியருக்கு ஈர்ச் செவிலி என்னும் பட்டப்பெயரே வழங்கலாயிற்று. 1939-இல் போர் காரணமாக நகரக் குழந்தைகள் நாட்டுப்புறங்களுக்கு அனுப்பப்பட்டபோது, அவர்கள் தலையில் பேன் கண்ட வீட்டார் எழுப்பிய கூக்குரல் நாடெங்கும் கேட்டது. பூச்சியியலாளர் கென்னத் மெலன்பி அதன்பின் ஆராய்ந்து, பள்ளி அறிக்கைகள் காட்டியதைக் காட்டிலும் பேன் மிகுதியாகப் பரவியிருந்ததை 1941-இல் வெளியிட்டார். ஆண்டுதோறும் சோதித்தும் அவமதித்தும் பேன் குறையவில்லை, கணக்கில்தான் குறைந்திருந்தது.

இந்தியப் பள்ளிகளிலும் விடுதிகளிலும் பேன் கண்ட சிறுமியைத் தனியே அமர்த்துவதும், வீட்டுக்கு அனுப்புவதும், தாயை அழைத்துக் கடிவதும், சில இடங்களில் மயிரைக் குறைப்பதும் அறியப்படாதன அல்ல. அச்சிறுமி எந்தச் சேரியிலிருந்து அல்லது எந்தக் குடியிருப்பிலிருந்து வருகிறாள் என்பது கடிதலின் கடுமையைத் தீர்மானிப்பதும் உண்டு. அங்கு நிகழும் பிழை ஓடைகிழார் செய்யாத பிழை. அவர் பேனைத் துன்னத்தில் கண்டு, அதற்குக் காரணமாகிய இல்லாமையைச் சொன்னார். பள்ளியோ பேனைத் தலையில் கண்டு, அதற்குக் காரணம் அல்லாத அழுக்கைச் சொல்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2002-இல் வெளியிட்ட அறிக்கையிலும் அதன் பின்வந்த திருத்தங்களிலும், தலைப்பேன் காரணமாக எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து விலக்க வேண்டியதில்லை எனவும், ஈர் முற்றும் நீங்கினால்தான் வரலாம் என்னும் விதி கைவிடப்பட வேண்டும் எனவும் தெளிவாகக் கூறியுள்ளது. பேன் கண்டறியப்படும் நாளுக்குச் சில வாரங்களுக்கு முன்பே அது அக்குழந்தையின் தலையில் இருந்திருக்கும். ஒரு நாள் விலக்குவதால் பிறருக்கு நன்மை ஏதும் விளைவதில்லை.

பாடாத பணி

அகப்பாடல்களில் பெண்ணின் கூந்தல் பேசப்படாத இடம் குறைவு. ஐம்பாலாக முடித்தல், நறுநெய் பூசுதல், பூச்சூடுதல், அகிற்புகை ஊட்டுதல் ஆகிய அனைத்தும் பாடப்பட்டுள்ளன. அக்கூந்தலில் ஈர் பார்த்த கை பாடப்படவில்லை. செவிலி மகளைப் பிரிந்து வருந்தும் பாடல்களில் அவள் ஊட்டிய பாலும் விளையாடிய பந்தும் பாவையும் நினைவுகூரப்படுகின்றன. பிற்காலப் பிள்ளைத்தமிழ் வகுத்த பத்துப் பருவங்களுள் இதற்கென ஒரு பருவம் இல்லை. பேன் புறத்திற்கு உரியதாயிற்று. அதுவும் ஆண் இரவலனின் ஆடையில் இருந்தபோது மட்டும். பிற்பகலில் திண்ணையிலும் வாயிற்படியிலும் ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக அமர்ந்து பேன் பார்த்த மகளிர், அப்பொழுதில் பேசிய வீட்டுச் செய்தியும் ஊர்ச் செய்தியும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

17-ஆம் நூற்றாண்டு ஆலந்து ஓவியர்கள் இதனைப் பொருட்டாகக் கருதினர். பீட்டர் டி ஹோக், கெரார்ட் டெர் போர்க் ஆகிய இருவரும் தாய் குழந்தையின் தலையில் பேன் பார்க்கும் காட்சியைத் தீட்டியுள்ளனர். டி ஹோக்கின் ஓவியம் தாயின் கடமை என்னும் பெயராலும் அறியப்படுகிறது. அதே நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டு முரிலியோ தீட்டிய இரவலச் சிறுவனோ தன் கந்தையைப் பிரித்து அதில் பேன் தேடுகிறான். பொருநனின் கந்தையை ஓவியத்தில் காண விரும்புவோர் அதனைக் காணலாம். ஒன்று தலைப்பேன், ஒன்று சீலைப்பேன். ஒன்று இல்லம், ஒன்று தெரு.

தமிழகத்தில் இப்பணி கல்லில் ஓரிடத்தில் உள்ளது. மாமல்லபுரத்தில் பல்லவர் காலத்துக் குரங்குக் குடும்பச் சிற்பம் தனிக் கல்லில் செதுக்கப்பட்டு நிற்கிறது. ஒரு குரங்கு குட்டிக்குப் பால் கொடுத்தவாறு அமர்ந்திருக்கிறது. அதன் பின்னே அமர்ந்த மற்றொரு குரங்கு அதன் தலையில் பேன் பார்க்கிறது. பார்க்கும் குரங்கின் கவனம் முழுவதும் அதன் விரல்களில் இருக்கிறது.